விக்கிப்பீடியாவில் படித்ததை நம்பலாமா? ஒரு வரியைச் சரிபார்க்கும் முழு வழி

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கட்டுரையில், எந்த வரியை? ஒரே கட்டுரையில் ஒரு பத்தி நல்ல ஆய்வு நூல் ஒன்றை ஒட்டிக் கவனமாக எழுதப்பட்டிருக்கும், அடுத்த பத்தியை நேற்று இரவு யாரோ வந்து காதில் விழுந்ததை வைத்து நிரப்பிவிட்டுப் போயிருப்பார். இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே தோரணையில் அடுத்தடுத்து நிற்கும். அதனால் முழுக் களஞ்சியத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல வழியில்லை. வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு வேண்டிய எல்லாம் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது.

மாணவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், புதிதாகத் தொகுக்க (கட்டுரைகளை எழுதவும் மாற்றவும்) வருகிறவர்கள் என்று பலரும் இதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். எடுத்த எடுப்பிலேயே, கட்டுரையில் செய்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகியிருக்கும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நூற்றுக்கணக்கான மாற்றங்களைப் பார்த்து மலைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். இல்லையென்றால் கீழே நீளமான மேற்கோள் பட்டியலைப் பார்த்ததும் திருப்தியாகி எழுந்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் பல சமயம் பாதி வழியிலேயே பதில் கிடைத்துவிடும்.

0. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கணினியில் திறங்கள், அல்லது கைபேசி உலாவியில் கணினிப் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசிப் பார்வையில் வரலாறு, உரையாடல் (தொகுப்பாளர்கள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) போன்றவை ஒதுங்கிப்போயிருக்கும், இருப்பதே பலருக்குத் தெரியாது. படிக்கவும் சரிபார்க்கவும் கணக்கு தேவையில்லை.

அப்புறம், இந்தக் களஞ்சியம் எப்படி ஓடுகிறது என்று ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சரிபார்ப்பு பெரும்பாலும் வெளியான பிறகுதான் நடக்கிறது. அச்சு நூலில் ஆசிரியர் குழு பார்த்து முடித்த பிறகே பக்கம் வாசகர் கைக்கு வரும். இங்கே ஒருவர் மாற்றத்தைச் சேமித்த அந்த நொடியே அது எல்லோருக்கும் தெரிகிறது. ஜெர்மன் விக்கிப்பீடியா போன்ற சில மொழிப் பதிப்புகள் மட்டும் 2008 முதல் புதியவர்களின் மாற்றங்களை ஓர் அனுபவசாலி பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை வாசகர்களுக்குக் காட்டாமல் நிறுத்திவைக்கின்றன. மற்றபடி காவல் எல்லாம் பிறகுதான்.

அந்தக் காவலுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது தானியங்கிகள். ஆங்கிலப் பதிப்பில் குளூபாட் என்ஜி என்ற நிரல் 2010இலிருந்து விசமத் தொகுப்புகளை அடையாளம் கண்டு தானே நீக்கிவருகிறது. இரண்டாவது, அண்மைய மாற்றங்கள் பட்டியலை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தன்னார்வலர்கள். மூன்றாவது, குறிப்பிட்ட கட்டுரையில் மாற்றம் வந்தால் தெரியும்படி அதைத் தங்கள் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்கள். கெட்ட வார்த்தை எழுதினால், பாதிக் கட்டுரையை அழித்தால், முதல் இரண்டு அடுக்குகளே சில நிமிடங்களில் பிடித்துவிடும். நம்பும்படியான ஒரு பொய்யை அமைதியாகச் செருகினால் மூன்றாவது அடுக்கு மட்டுமே பிடிக்க முடியும், அதுவும் அந்தப் பக்கத்தை விஷயம் தெரிந்த யாராவது கவனித்துக்கொண்டிருந்தால்.

2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் வாழ்க்கைக் குறிப்பில், அவருக்கு அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையில் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்ற பச்சைப் பொய் நான்கு மாதங்களுக்கும் மேல் அப்படியே இருந்தது. காரணம் எளிது, அந்தப் பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலப் பதிப்பு, கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தியது.

சர்வர்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்று அது தீர்மானிப்பதில்லை, தன்னார்வத் தொகுப்பாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் கடைப்பிடிக்கும் அடிப்படை விதிகள் மூன்று: நடுநிலையாக எழுத வேண்டும், சொல்வதற்கு வெளியே சான்று இருக்க வேண்டும், சொந்த ஆய்வை இங்கே அரங்கேற்றக் கூடாது. இந்த விதிகளின்படி எழுதியவர் பேராசிரியரா பள்ளி மாணவரா என்பதற்கு மதிப்பில்லை, அவர் காட்டும் சான்றுக்குத்தான் மதிப்பு. நாமும் அந்தச் சான்றைத் துரத்திக்கொண்டுதான் போகப் போகிறோம்.

1. இந்தத் தகவலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு படத்தின் இயக்குநர் பெயர் மறந்துபோய்ப் பார்க்கிறீர்கள் என்றால், பார்த்துவிட்டுப் போங்கள். வகுப்புக் கட்டுரை, செய்தி, வழக்கு, பணம், உடல்நலம் என்று வந்தால் கீழே உள்ள எல்லாப் படிகளும் தேவை.

மருந்தின் அளவு மாதிரியான விஷயத்துக்கு இந்தப் படிகளையும் நம்பி இறங்காதீர்கள். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக மருந்தளவு எழுத வேண்டாம் என்பதே ஆங்கிலப் பதிப்பின் எழுத்து வழிகாட்டி சொல்வது. எங்காவது அப்படி ஓர் அளவு கண்ணில் பட்டால், அது அந்த வழிகாட்டியை அறியாதவர் சேர்த்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தலைப்பின் வகையையும் இங்கேயே எடைபோட்டுக்கொள்ளுங்கள். பலர் படிக்கிற, பலர் கவனிக்கிற, ஆய்வு நூல்கள் நிறைய இருக்கிற அறிவியல் தலைப்புகள் பொதுவாக நன்றாக இருக்கும். 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்றும் தென்பட்டன. பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டை வன்மையாக மறுத்தது. இதை எடுத்துக்காட்டி "விக்கி முழுக்க நம்பகமானது" என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அது தவறு. பார்க்கப்பட்டவை அறிவியல் கட்டுரைகள் மட்டும், அதுவும் ஆங்கிலத்தில், அந்த ஆண்டில். அதிகம் அறியப்படாத நபர்கள், சிறு நிறுவனங்கள், சாதி, குல வரலாறுகள், சிற்றரசர்களின் போர்கள், கல்லூரிகள், இப்போது நடந்துகொண்டிருக்கும் சர்ச்சைகள் ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே எழுதுகிறவருக்கே பெரும்பாலும் ஒரு பக்கம் சாயக் காரணம் இருக்கும்.

2. ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்

சரிபார்க்க வேண்டிய வாக்கியத்தை நகலெடுத்துத் தனியாக ஒரு தாளிலோ கோப்பிலோ வையுங்கள். பெயர், ஆண்டு, எண்ணிக்கை, உரிமைகோரல் என்று அதற்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். "இவர் 1923இல் பிறந்து, மூன்று நூல்கள் எழுதி, அந்தத் துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார்" என்ற வாக்கியத்தில் மூன்று தனித்தனித் தகவல்கள் இருக்கின்றன. கடைசியில் தொங்கும் ஒரே ஓர் அடிக்குறிப்பு அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் சான்றாக இருக்கலாம்.

இதைச் செய்யாமல் போகிறவர்கள் அடிக்குறிப்பைத் திறந்து, பிறந்த ஆண்டு சரியாக இருப்பதைப் பார்த்ததும் முன்னோடி என்பதும் சரிதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "கருதப்படுகிறார்" என்று முடியும் வாக்கியங்களில் யார் கருதுகிறார் என்பதை எப்போதும் தனியாகத் தேடுங்கள். பெரும்பாலான பொய்ப் பெருமைகள் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

வலப்பக்கத் தகவல் பெட்டியில் உள்ள எண்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். பல கட்டுரைகளில் அந்தப் பெட்டி 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற தனித் திட்டத்திலிருந்து தகவலை இழுத்துக் காட்டுகிறது. கட்டுரையின் உள்ளே ஒரு மக்கள்தொகையும் பெட்டியில் வேறொன்றும் இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

3. பக்கத்தின் தலைப்பகுதியை ஒரு பார்வை

இந்தப் படிக்கு அரை நிமிடம் போதும். மேலே "சான்றுகள் போதவில்லை", "விளம்பர நடையில் உள்ளது", "நடுநிலை கேள்விக்குரியது" போன்ற அறிவிப்புப் பெட்டி இருக்கிறதா? இருந்தால் எப்போது போடப்பட்டது என்று மாதமும் ஆண்டும் பல சமயம் அங்கேயே இருக்கும். வாக்கியத்தின் முடிவில் "சான்று தேவை" என்ற சிறு குறி இருக்கிறதா? இருந்தால், நீங்கள் கேட்கும் அதே கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுப் பதில் கிடைக்காமல் போயிருக்கிறார்.

பூட்டுக் குறியைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய. பூட்டு இருந்தால் உள்ளடக்கத்தை யாரோ உறுதி செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை, அந்தப் பக்கத்தில் சண்டையோ விசமமோ அதிகம் என்பதால் யார் தொகுக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலப் பதிப்பில் சாதாரணப் பூட்டுக்குக் கணக்கு 4 நாள் பழையதாகவும் 10 தொகுப்புகள் செய்ததாகவும் இருந்தால் போதும். அதைவிடக் கடுமையான ஒரு பூட்டுக்கு 30 நாளும் 500 தொகுப்புகளும் தேவை.

நட்சத்திரக் குறி இருந்தால் அந்தக் கட்டுரையைப் பலர் சேர்ந்து அலசிச் சிறப்புக் கட்டுரையாக ஏற்றிருக்கிறார்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் அலசப்பட்டது அன்றிருந்த வடிவம், அதன்பின் எத்தனையோ கை பட்டிருக்கலாம்.

4. அடிக்குறிப்பைத் திறந்து, உள்ளே போய்ப் படியுங்கள்

வேலையின் முக்கால் பங்கு இதுதான். அடிக்குறிப்பு எண் இருப்பதையே சான்றாக எடுத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே மிகப் பரவலான தவறு. படித்தவர்கள், ஆசிரியர்கள்கூட இதைச் செய்கிறார்கள்.

முதலில், அந்த மூலம் உண்மையிலேயே இருக்கிறதா? ஆங்கில விக்கிப்பீடியாவில் "பிச்சோலிம் மோதல்" என்ற தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. 1640-41இல் கோவாவில் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியருக்கும் நடந்த போரைப் பற்றியது. 2007இல் நல்ல கட்டுரை என்ற தகுதியையும் பெற்றது. அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012இல், ஒரு தொகுப்பாளர் அடிக்குறிப்பில் உள்ள நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோதுதான் அந்த நூல்களே இல்லை என்று தெரிந்தது. அதுவரை அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் எல்லோரும் பட்டியலின் நீளத்தையும் அச்சுக்கோப்பையும்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நூல் என்றால் நூலகப் பட்டியலிலோ பதிப்பாளர் தளத்திலோ தேடுங்கள். நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். தரப்பட்டிருந்தால் அதைச் சொடுக்கினாலே நூலகப் பட்டியல்களுக்கான இணைப்புகள் வரும். ஆய்வுக் கட்டுரை என்றால் அதற்கான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யைச் சொடுக்குங்கள், அது வேறு ஏதோ ஆய்வுக்குப் போய் நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்து எழுதிக் கொட்டுகிறவர்கள் வந்த பிறகு இந்தச் சோதனைக்கு முன்னைவிட அவசியம் கூடியிருக்கிறது. அக்கருவிகள் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் கச்சிதமாகக் கற்பனை செய்து தந்துவிடும். 2025இல் ஆங்கிலப் பதிப்பு, மனிதர் பார்க்காமல் கருவி எழுதிய பக்கங்களை உடனடியாக நீக்குவதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவது அதில் சொல்லப்பட்டுள்ள அடையாளங்களில் ஒன்று.

இரண்டாவது, மூலம் இருந்தாலும் அது இதைச் சொல்கிறதா? உங்கள் தனித் தாளில் உள்ள ஒவ்வொரு தகவலையும் மூலத்தில் தேடுங்கள். இங்கே பிடிபடுபவை பெரும்பாலும் பொய்கள் கிடையாது, நழுவல்கள். மூலம் "சிலர் கூறுகின்றனர்" என்று சொல்லியிருக்கும், கட்டுரை "நிறுவப்பட்டுள்ளது" என்று சொல்லும். மூலம் ஒரு மாவட்டத்தைப் பற்றிப் பேசும், கட்டுரை மாநிலத்துக்கே அதை விரித்துவிடும்.

இன்னொரு வகை நழுவலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யார் மீதும் குற்றமில்லாமல் நடக்கிறது. ஒருவர் ஒரு வாக்கியம் எழுதிச் சான்றும் கொடுத்திருப்பார். ஓராண்டு கழித்து வேறொருவர் அந்த வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு எண்ணுக்கும் நடுவில் புதிதாக ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பார். இப்போது அந்த எண் புது வாக்கியத்தின் பின்னால் நிற்கும், அதற்கும் அந்த மூலத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. மூலத்தில் நீங்கள் தேடுவது கிடைக்கவில்லை, ஆனால் முந்தைய வாக்கியம் அப்படியே இருக்கிறது என்றால் இதுதான் நடந்திருக்கும்.

மூன்றாவது, அந்த மூலத்தின் தரம். செய்தித்தாள் என்றதும் தலையாட்ட வேண்டாம். பிரிட்டனின் டெய்லி மெயிலை 2017இல் ஆங்கிலப் பதிப்புத் தொகுப்பாளர்கள் நீண்ட விவாதத்துக்குப் பிறகு பொதுவாக நம்பத்தகாத மூலமாக வகைப்படுத்தினார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளம், நேர்காணல், பத்திரிகைக் குறிப்பு எல்லாம் அவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதற்கு மட்டுமே சான்று.

இணைப்பு செத்துப்போயிருந்தால் உடனே பொய் என்று முடிவுகட்டாதீர்கள். அடிக்குறிப்பிலேயே காப்பகப் பிரதிக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முகவரியை நகலெடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போடுங்கள். பல சமயம் பக்கம் அங்கே பத்திரமாக இருக்கும். அச்சில் மட்டும் உள்ள நூலை மேற்கோள் காட்டியிருப்பதும் குறையில்லை, அதைத் தேடி நூலகம் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

5. சான்று வட்டமடிக்கிறதா என்று பாருங்கள்

மூலம் இருக்கிறது, நீங்கள் தேடும் தகவலையும் சொல்கிறது. இங்கேயும் ஒரு பொறி உண்டு. அந்த மூலமே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம்.

2008இல் ஓர் அமெரிக்க மாணவர், கோவாட்டி என்ற தென் அமெரிக்க விலங்கின் கட்டுரையில் அதற்குப் "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்றும் பெயர் உண்டு என்று தன் கற்பனையில் எழுதிச் சேர்த்தார். யாரும் நீக்கவில்லை. நாளடைவில் பிரிட்டிஷ் செய்தித்தாள்களும் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலும் அந்தப் பெயரைப் பயன்படுத்தின, பிறகு அப்படி வெளியான ஒன்றே கட்டுரையில் சான்றாக வந்து உட்கார்ந்தது. 2009இல் இசையமைப்பாளர் மொரிஸ் ஜார் இறந்தபோது ஓர் அயர்லாந்து மாணவர் அவர் சொன்னதாக ஒரு போலி மேற்கோளைச் சேர்த்தார், பல நாட்டுச் செய்தித்தாள்கள் அதை அஞ்சலிக் குறிப்பில் அச்சிட்டன.

இதைப் பிடிக்க ஒரே வழி தேதிகளை ஒப்பிடுவது. மூலம் வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் கட்டுரைக்குள் நுழைந்த தேதியை அடுத்த படியில் கண்டுபிடிக்கலாம். வாக்கியம் 2014இல் நுழைந்து, அதற்கான சான்று 2017இல் வெளியாகியிருந்தால் சந்தேகப்படுங்கள், 2014க்கு முந்தைய மூலம் ஒன்றாவது கிடைக்கும் வரை நம்ப வேண்டாம்.

இதே காரணத்துக்காக, தேடுபொறியின் பக்கவாட்டுப் பெட்டி, குரல் உதவியாளர், உரையாடல் செயலி சொல்லும் பதில் ஆகியவற்றைத் தனிச் சான்றாக எண்ணாதீர்கள். இவை எல்லாமே விக்கிப்பீடியாவைப் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன. நான்கு இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் மகிழும்போது, அந்த நான்கும் ஒரே பத்தியிலிருந்து வந்திருப்பதைப் பல முறை காட்டியிருக்கிறேன்.

6. இப்போது வரலாற்றுப் பக்கம்

"வரலாற்றைக் காட்டவும்" என்ற தாவலை இப்போதுதான் திறக்க வேண்டும், ஏனென்றால் இப்போது உங்கள் கையில் தெளிவான கேள்வி இருக்கிறது: இந்த வாக்கியம் எப்போது, யாரால், எந்தச் சூழலில் வந்தது?

பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டாம். ஓராண்டுக்கு முந்தைய வடிவத்தைத் திறந்து வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐந்தாண்டு பின்னால் போங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், ஆயிரம் மாற்றங்கள் உள்ள பக்கத்தில்கூட பத்துப் பன்னிரண்டு முறை திறப்பதற்குள் சரியான மாற்றத்தில் வந்து நிற்பீர்கள். இதையே தானாகத் தேடித் தரும் விக்கிபிளேம் என்ற கருவியும் உண்டு, வரலாற்றுப் பக்கத்திலேயே சில பதிப்புகளில் அதற்கு இணைப்பு இருக்கும்.

மாற்றம் கிடைத்ததும் அதைச் செய்தவரின் பங்களிப்புகளைப் பாருங்கள். பல தலைப்புகளில் பல ஆண்டுகளாகத் தொகுப்பவரா, அல்லது இந்த ஒரு நபரையோ நிறுவனத்தையோ பற்றி மட்டும் எழுதிவிட்டு மறைந்துபோன கணக்கா? இரண்டாவது என்றால் அந்த நபரோ, அவருடைய விளம்பர ஆளோ எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பணம் வாங்கிக்கொண்டு தொகுப்பவர்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது, எல்லோரும் அறிவிப்பதில்லை. கணக்கில்லாதவர்களின் ஐ.பி. முகவரி (அவர்களின் இணைய இணைப்பைக் காட்டும் எண்) முன்பெல்லாம் வெளிப்படையாகத் தெரியும். இப்போது பல விக்கிகளில் அதற்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்குப் பெயர்தான் தெரிகிறது. பெயரில்லாமல் தொகுத்தார் என்பதற்காக மட்டும் ஒரு மாற்றத்தைத் தள்ளிவிடாதீர்கள், எழுத்துப்பிழை திருத்துகிற நல்ல உள்ளங்கள் அவர்களில் ஏராளம்.

கூடவே "பக்கத் தகவல்" என்ற இணைப்பையும் பாருங்கள். எத்தனை பேர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். ஆங்கிலப் பதிப்பில் 30க்குக் கீழ் இருந்தால் சரியான எண்ணைக் காட்ட மாட்டார்கள், எவரும் கவனிக்காத பக்கங்களை விசமிகள் தேடிப் போகக் கூடாது என்பதற்காக. எண் தெரியாத பக்கம் என்றால் நான்காம் படியை இன்னும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

7. உரையாடல் பக்கம்

புதியவர்கள் இதைத் திறப்பதே இல்லை, ஆனால் சர்ச்சைக்குரிய தலைப்புகளில் கட்டுரையைவிட இது பயனுள்ளது. யார் எந்தச் சான்றை வைத்து வாதாடினார்கள், எது ஏன் நீக்கப்பட்டது, எந்தப் புள்ளியில் சமரசம் ஆனது என்று எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் வாக்கியத்தின் முக்கியச் சொல்லை அந்தப் பக்கத்தில் தேடுங்கள். பழைய உரையாடல்கள் காப்பகத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கும், அதற்கும் மேலேயே இணைப்பு உண்டு.

உரையாடல் பக்கம் வெறுமையாக இருந்தால் கருத்து வேறுபாடே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம், சிறிய பதிப்புகளில் பெரும்பாலும் அதுதான்.

8. மற்ற மொழிப் பதிப்போடு ஒப்பிடுங்கள், ஆனால் கவனமாக

ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனித்தனிச் சமூகம். நிர்வாகிகள் வேறு, விதிகளின் கண்டிப்பு வேறு. ஆங்கிலத்தில் 70 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள், தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது: பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழிப் பதிப்பில் 60 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியது ஒரு தானியங்கி.

சிறிய பதிப்புகளுக்குக் கண்கள் குறைவு என்பதே அவற்றின் பெரிய பலவீனம். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் பதிப்பில் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. குரோவாசியப் பதிப்பைத் தீவிர தேசியவாத நிர்வாகிகள் சிலர் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்து வரலாற்றைத் திரித்ததை 2021இல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை விவரித்தது. பெரிய பதிப்புக்கும் இது நேரும். சீனப் பதிப்பில் ஒரே ஒருவர் இடைக்கால ரஷ்யாவைப் பற்றி 200க்கும் மேற்பட்ட கற்பனைக் கட்டுரைகளைப் பத்து ஆண்டுகளாகக் கட்டியெழுப்பியிருந்தார், 2022இல் பிடிபட்டது.

ஒப்பிடும்போது தேட வேண்டியது வேறுபாட்டைத்தான். தமிழில் ஓர் ஆண்டு, ஆங்கிலத்தில் வேறு ஆண்டு என்றால் உடனே மூலத்துக்குப் போங்கள். இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது உறுதிப்பாடு ஆகாது, ஒன்றிலிருந்து மற்றது மொழிபெயர்க்கப்பட்டிருக்கும். தமிழ்க் கட்டுரையில் அடிக்குறிப்பு எல்லாம் ஆங்கிலக் கட்டுரையில் உள்ளவையே, அதே வரிசையில் இருந்தால், மொழிபெயர்த்தவர் அவற்றைத் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு நீங்களே திறந்து பாருங்கள்.

9. பயன்படுத்தும் முறை

சரிபார்த்தாயிற்று, தகவல் நிற்கிறது. இப்போது மேற்கோள் காட்ட வேண்டியது விக்கிப்பீடியாவையா? தன்னை நம்பகமான மூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அதன் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. நான்காம் படியில் நீங்கள் படித்த மூலத்தைக் காட்டுங்கள், அதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். படிக்காத மூலத்தை அடிக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது மட்டும் வேண்டாம், பிச்சோலிம் கட்டுரையைப் பார்த்து யாராவது அப்படிச் செய்திருந்தால் இல்லாத நூலைப் படித்ததாகச் சொல்லியிருப்பார்.

கட்டுரையையே காட்ட வேண்டிய தேவை இருந்தால் பக்கவாட்டுக் கருவிகளில் உள்ள நிலையான இணைப்பைப் பயன்படுத்துங்கள். சாதாரண முகவரி நாளை வேறொன்றைக் காட்டும், இந்த இணைப்பு நீங்கள் படித்த அதே வடிவத்தைக் காட்டும்.

10. தவறு கண்டால் திருத்தும் வரிசை

இதுவரை வந்தவர்கள் தயவுசெய்து இதையும் செய்யுங்கள். காவல் எல்லாம் வெளியான பிறகுதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். நீங்கள் இப்போது செய்து முடித்த வேலைதான் அந்தக் காவல்.

முதலில் மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் தொகு பொத்தான். "எனக்கு நேரில் தெரியும்" என்று நீக்கினால் அடுத்த சில நிமிடங்களில் மாற்றம் மீளமைக்கப்படும் (பழையபடி திருப்பப்படும்), அப்படிச் செய்கிறவர் விதிப்படிதான் செய்கிறார். எழுதிப் பழக வேண்டும் என்றால் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

உங்களைப் பற்றியோ, உங்கள் குடும்பம், நிறுவனம், கட்சி பற்றியோ உள்ள கட்டுரை என்றால் நேரடியாகக் கை வைக்காமல் உரையாடல் பக்கத்தில் சான்றோடு கோரிக்கை வையுங்கள். வாழும் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறு என்றால் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை, அத்தகைய வரியை உடனே நீக்கலாம் என்பதே விதி.

உங்கள் திருத்தத்தை யாராவது திருப்பிவிட்டால் மறுபடி போட்டுச் சண்டையைத் தொடங்காதீர்கள். ஆங்கிலப் பதிப்பில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கையே தடுத்துவிடுவார்கள், சரி யார் பக்கம் என்று அந்த நேரத்தில் பார்க்க மாட்டார்கள். உரையாடல் பக்கத்துக்குப் போய், மூலத்தின் பெயர், பக்க எண், அதில் உள்ள வாசகம் மூன்றையும் எழுதி வையுங்கள். சேமிக்கும்போது மாற்றத்தைப் பற்றி எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலும் "பிழை திருத்தம்" என்று மொட்டையாக விடாமல் அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். இரண்டாண்டு கழித்து இதே வாக்கியத்தின் வரலாற்றைப் பாதி பாதியாகத் தேடிக்கொண்டு வருகிறவருக்கு முதலில் கண்ணில் படப்போவது அந்தச் சுருக்கம்தான்.